பம்பையோடு சேர எந்த நாட்டு மெட்டல்?

எங்கள் குழுவில் நான்கு பேர். இரண்டு கிட்டார், ஒரு டிரம்ஸ், ஒரு பம்பை. பம்பை அடிக்கும் அண்ணன் பென்னாகரம் பக்கத்துக்காரர். மாரியம்மன் பண்டிகை, அங்காளம்மன் கோயில் மயானக் கொள்ளை, கரகம் என்று வருடத்தில் பாதி நாள் அவருக்கு வெளியூரில் வேலை இருக்கும். மற்ற மூன்று பேரும் தருமபுரி டவுன், கல்லூரிக் காலத்திலிருந்து மெட்டல், அதாவது மின்கிட்டாரும் டிரம்ஸும் கனமாக முழங்கும் ராக் இசை, கேட்டு வளர்ந்தவர்கள். இரண்டையும் சேர்த்து மூன்று பாட்டு செய்யலாம் என்று தை மாதம் பேச ஆரம்பித்தோம். உடனே ஒரு கேள்வி வந்து நின்றது. இதை உலகத்தில் பல நாட்டுக்காரர்கள் முப்பது வருடத்துக்கு மேலாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களில் யார் வழியைப் பார்த்து நாம் கற்றுக்கொள்வது?

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அண்ணன் வீட்டுத் திண்ணையில் ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு கேட்டோம். இந்தக் கட்டுரையில் இருப்பது பெரும்பாலும் அந்தத் திண்ணையில் பேசியதுதான்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தந்த மண்ணின் கருவி, மெட்டு, கதை ஆகியவற்றை மெட்டல் இசையோடு சேர்ப்பதை ஃபோக் மெட்டல் என்கிறார்கள். இங்கிலாந்தின் ஸ்கைகிளாட் குழு 1991-ல் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. வயலினை மெட்டலுக்குள் உட்காரவைத்த அவர்களிடமிருந்துதான் பெரும்பாலும் இந்தக் கதையைத் தொடங்குவார்கள். அதற்குப் பிறகு ஐரோப்பா முழுக்கப் பரவி, மங்கோலியா, தைவான் வரை போய்விட்டது.

யாரைக் கேட்டாலும் முதலில் கை காட்டுவது பின்லாந்தை. நாங்களும் அங்கேதான் தொடங்கினோம். கோர்ப்பிக்லானி என்ற குழுவின் பெயருக்குக் காட்டுக் குலம் என்று பொருள் சொல்லலாம். வயலினும் அக்கார்டியனும் முன்னால் ஓட, பின்னால் மெட்டல் ஓடும். அந்தக் குழுவின் பாடகர் யோன்னே யார்வெலா அதற்கு முன் ஷாமன் என்ற பெயரில், வடக்கே வாழும் சாமி என்ற பழங்குடி மக்களின் மொழியில் பாடிக்கொண்டிருந்தவர். ஃபின்ட்ரோல் இன்னொரு குழு. பின்லாந்துக்காரர்களாக இருந்தும் சுவீடிஷ் மொழியில் பாடுகிறார்கள், ஹும்ப்பா என்ற அந்த ஊர் ஆட்டத் தாளத்தை எடுத்து மெட்டலுக்குள் போட்டிருக்கிறார்கள். இரண்டு எண்ணிக்கைத் தாளம். கேட்டால் கால் தானாக ஆடும்.

அண்ணன் மூன்று பாட்டு பொறுமையாகக் கேட்டார். "ஊர்வல அடி மாதிரி நல்லாத்தான் இருக்குது தம்பி. ஆனா இதுல எனக்கு என்ன வேலை?" என்றார்.

அந்த ஒரு கேள்வியில்தான் எங்களுக்கு விஷயம் பிடிபட்டது. ஐரோப்பிய ஃபோக் மெட்டலில் நாட்டுக் கருவி என்றால் பெரும்பாலும் மெட்டு வாசிக்கும் கருவி. வயலின், குழல், பைகுழல், அக்கார்டியன். தாளத்தை மேற்கத்திய டிரம்ஸ் பார்த்துக்கொள்ளும். நம் பக்கம் அப்படியே தலைகீழ். பம்பை, பறை, உடுக்கை, கைச்சிலம்பு என்று நம்மிடம் இருப்பது தாளம். தாளம்தான் பாட்டையே இழுத்துக்கொண்டு போகும். பின்லாந்து வழியை அப்படியே எடுத்தால் பம்பைக்காரர் டிரம்ஸுக்குப் பின்னால் அலங்காரமாக நிற்க வேண்டியதுதான். நல்ல நாயனக்காரரோ புல்லாங்குழல்காரரோ கிடைத்த குழுவுக்குப் பின்லாந்து சரியான பள்ளிக்கூடம். எங்களுக்கு இல்லை.

பின்லாந்தை விட்டுப் போகும் முன் அமோர்ஃபிஸ் குழுவைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1994-ல் வந்த அவர்களுடைய இரண்டாவது ஆல்பம் முழுக்கக் கலேவலா காவியத்திலிருந்து எடுத்த வரிகள். எலியாஸ் லன்ரோட் என்ற மருத்துவர் ஊர் ஊராக நடந்து, பாட்டிகளும் தாத்தாக்களும் பாடிய பாட்டுகளைத் தொகுத்து 1835-ல் வெளியிட்ட நூல் அது. நம் ஊர்களில் பதினெட்டு நாள் பாரதம் நடத்தி, கடைசி நாள் மண்ணால் துரியோதனனைப் படுக்க வைத்துப் படுகளம் முடிக்கிறோமே, அந்தக் கூத்து வாத்தியார்களிடம் இருக்கும் பாட்டுகளை நினைத்துக்கொண்டே நான் அந்த ஆல்பத்தைக் கேட்டேன். இதில் கருவியை விடக் கதைதான் நாட்டார் வழக்கு. பாடும் குரலும் கிட்டாரும் முழு மெட்டல். கூத்துக் குடும்பத்துப் பையன் யாராவது கிட்டார் வாசித்தால், அவனுக்கு நான் முதலில் கொடுப்பது இந்த ஆல்பத்தைத்தான்.

அடுத்து அயர்லாந்து. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

தருமபுரி என்பது பழைய தகடூர். அதியமான் ஊர். இந்த மாவட்டத்திலும் கிருஷ்ணகிரியிலும் வயல் ஓரத்திலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் நிற்கின்றன. டவுன் அருங்காட்சியகத்திலும் வரிசையாகப் பார்க்கலாம். பல கற்களில் இருப்பவர்கள் மாட்டு மந்தையை மீட்கப் போய்ச் செத்தவர்கள். ஆநிரை கவர்தலும் மீட்டலும்தான் நம் வீரக் கதையின் தொடக்கம்.

அயர்லாந்துக்காரர்களின் மிகப் பெரிய பழங்கதையும் ஒரு மாடு பிடிச் சண்டைதான். கொனாக்ட் நாட்டு ராணி மேவ், அல்ஸ்டர் நாட்டில் இருக்கும் ஒரு பழுப்பு நிறக் காளைக்கு ஆசைப்பட்டுப் படையோடு வருகிறாள். கூஹுலின் என்ற இளைஞன் தனியாக நின்று தடுக்கிறான். எருது விடும் விழாவுக்கு ஓசூர், சூளகிரி, வேப்பனப்பள்ளி என்று காளையோடு அலைகிற கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு, ஒரு காளைக்காக இரண்டு நாடு ஏன் அடித்துக்கொண்டது என்று விளக்கவே வேண்டாம்.

இந்தக் கதையை ஹார்ஸ்லிப்ஸ் என்ற ஐரிஷ் ராக் குழு 1973-லேயே ஒரு முழு ஆல்பமாகச் செய்துவிட்டது. அதைக் கேட்டு வளர்ந்து 1992-ல் டப்ளினில் தொடங்கிய குழுதான் க்ரூக்கன். ராணி மேவின் தலைநகருடைய பெயர் அது. 1995-ல் வந்த முதல் ஆல்பத்தில் மேவ், கூஹுலின் எல்லாரும் வருகிறார்கள். ஒலிப்பதிவு கரடுமுரடாக இருக்கும், அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். குழலும் கிட்டாரும் பல இடத்தில் ஒன்றையொன்று மிதிக்கும். இசை அமைப்பைக் கற்றுக்கொள்ள இது சிறந்த பாடம் கிடையாது. ஆனால் எதைப் பாடுவது என்ற கேள்விக்கு எங்களுக்கு இங்கேதான் பதில் கிடைத்தது. நாங்கள் அதுவரை எழுதி வைத்திருந்த வரிகளில் இருள், மரணம், பனி என்று வந்திருந்தது. தருமபுரியில் ஏது பனிப்பொழிவு? அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, அண்ணன் ஊர் ஏரிக்கரைக் கல்லைப் பற்றி எழுத ஆரம்பித்தோம்.

சுவிட்சர்லாந்தின் எலுவெய்ட்டி மெட்டல் கேட்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த பெயர். 2002-ல் தொடங்கிய குழு. கைப்பிடியைச் சுற்றினால் சக்கரம் தந்தியை உரசி ஒலிக்கும் ஹர்டி கர்டி என்ற கருவி அவர்களுடைய அடையாளம். 2008-ல் வந்த ஸ்லானியா ஆல்பம் எனக்கு மிகவும் பிடிக்கும். அதைவிட என்னை அசைத்தது வேறு விஷயம். பல நூற்றாண்டுக்கு முன் அழிந்துபோன காலிஷ் மொழியில், கல்வெட்டுகளிலும் ஆய்வாளர்களிடமும் மிச்சம் கிடைத்ததை வைத்து வரி எழுதிப் பாடுகிறார்கள். பேச ஒருவர் கூட இல்லாத மொழிக்கு அவ்வளவு பாடுபடுகிறார்கள். நம் மொழியை இங்கே தெருவுக்குத் தெரு பேசுகிறோம், ஆனாலும் எங்கள் குழுவில் முதல் மாதம் நடந்த பெரிய சண்டை ஆங்கிலமா தமிழா என்பதுதான். எலுவெய்ட்டி கேட்ட ஞாயிற்றுக்கிழமையோடு அந்தச் சண்டை முடிந்தது. இசையில் இதுவும் மெட்டு வழிதான், அதனால் பின்லாந்துக்குச் சொன்னதே இதற்கும்.

இஸ்ரேலின் ஆர்ஃபண்ட் லேண்ட் குழுவைச் சேர்த்துக்கொண்டதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. அவர்கள் ஊத், சாஸ் போன்ற மேற்காசியத் தந்திக் கருவிகளை வைத்து வாசிப்பவர்கள். அந்த இசையில் நம் கமகம் போல, இரண்டு சுரத்துக்கு நடுவில் நிற்கும் சுரங்கள் உண்டு. கிட்டார் கழுத்தில் கம்பி பதித்துக் கட்டம் போட்டிருப்பதால் அந்த நடு இடத்தில் விரல் நிற்காது. 2004-ல் வந்த மபூல் ஆல்பத்தில் இதை அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள். நுணுக்கமான மெட்டு வரும் இடத்தில் கிட்டார் விலகிக் கீழ்ச்சுரத்தில் நிற்கும். நாயனம் சேர்க்க நினைப்பவர்களுக்கு இது பெரிய உதவி. பாரி என்ற நீண்ட நாயனம் இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதியில் இருக்கும். மெட்டல்காரர்கள் கிட்டாரை ஒரு முழுச் சுரம் இறக்கினால் அதுவும் இரண்டு கட்டைக்குத்தான் வந்து நிற்கிறது. இதைக் கண்டுபிடித்த அன்று நான் தூங்கவே இல்லை. இன்னொன்று, இந்தக் குழுவுக்கு அரபு நாடுகளில் நிறைய ரசிகர்கள். எல்லை தாண்டிப் போய்ப் பார்க்க முடியாதவர்கள் கூடப் பாட்டை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

பிரேசிலின் செபுல்டுராவை ஃபோக் மெட்டல் என்று எல்லாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நான் ஒத்துக்கொள்கிறேன். 1996-ல் வந்த ரூட்ஸ் ஆல்பத்துக்காக அவர்கள் ஷவான்டே என்ற பழங்குடி மக்களின் ஊருக்கே போய், அவர்களோடு உட்கார்ந்து பாடி ஒலிப்பதிவு செய்தார்கள். பாஹியா மாநிலத்துத் தாளக் கலைஞர் கார்லின்யோஸ் ப்ரவுன் இன்னொரு பக்கம். கிட்டார்களை மிகக் கீழே இறக்கி, ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப அடித்து, மேலே முழு இடத்தையும் தாளத்துக்கு விட்டுவிட்டார்கள். அண்ணன் முதல்முறையாக எழுந்து உட்கார்ந்தது இதற்குத்தான். "கிட்டாரு குறுக்க வரல பாரு, அடிக்கு வழி விட்டு நிக்குது" என்றார்.

டில்லியின் ப்ளடிவுட்டும் இதே வரிசை. 2016-ல் தொடங்கி, 2019-ல் ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் விழா மேடை ஏறி, 2022-ல் ரக்ஷக் ஆல்பம் வெளியிட்டார்கள். டோல் என்ற வடநாட்டு மேளமும் புல்லாங்குழலும் ராப்பும் சேர்ந்து வரும். நம் காதுக்கு உடனே பிடித்துவிடும். ஒன்றைக் கவனித்தேன். டோலின் கனமான அடி விழும் இடத்தில் டிரம்ஸின் கால் டிரம் பெரும்பாலும் அதோடு சேர்ந்தே விழுகிறது. இரண்டும் ஒரே சத்தமாகக் கனக்கும். பம்பைக்கு இது ஒத்துவராது. பம்பை என்பது சேர்த்துக் கட்டிய இரண்டு உருளை, ஒன்று மரம், ஒன்று வெண்கலம். அதன் அழகே வேகமாக உருளும் நடையும் வெண்கலத்தின் கணீர் ஓசையும். டிரம்ஸில் பளீரென்று ஒலிக்கும் ஸ்னேர் டிரம்மும் அதுவும் ஒரே சுருதி உயரத்தில் ஒலிப்பதால், இரண்டையும் ஒன்றாக அடித்தால் கலங்கிப்போகிறது. இரண்டு மாதம் இதில்தான் மாட்டிக்கொண்டு கிடந்தோம். ஒத்திகையில் பதிவு செய்து கேட்டால் பம்பை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. கடைசியில் டிரம்ஸ் நண்பரே சொன்னார், பம்பை வரும் இடமெல்லாம் நான் ஸ்னேரைத் தொடவில்லை, காலும் தாழ் டிரம்மும் போதும் என்று. அந்த முடிவுக்கு அவருக்குப் பெரிய மனசு வேண்டும்.

நம் பக்கத்திலேயே இருப்பவர்களையும் பார்த்தோம். சிங்கப்பூரில் இந்திய வம்சாவளியினர் 1992-ல் தொடங்கிய ருத்ரா, சமஸ்கிருத வரிகளோடு மெட்டல் செய்கிறார்கள். மதிப்பான வேலை, ஆனால் அது தத்துவம் சார்ந்தது, நாட்டார் வழக்கு குறைவு. கண்ணூரின் தி டவுன் ட்ராடன்ஸ் தெய்யத்தின் சாயலை மெட்டலுக்குக் கொண்டுவந்தவர்கள், கட்டாயம் கேளுங்கள். சென்னையின் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மெட்டல் கிடையாது என்றாலும், பறையும் மின்கிட்டாரும் ஒரே மேடையில் எப்படி நிற்கலாம் என்று தமிழில் காட்டியவர்கள்.

இனி மங்கோலியா.

தி ஹு என்ற குழு 2018-ல் இரண்டு பாட்டுகளை இணையத்தில் விட்டது, உலகமே திரும்பிப் பார்த்தது. 2019-ல் தி கெரெக் என்ற முதல் ஆல்பம். 2022-ல் யுனெஸ்கோ அவர்களை அமைதிக்கான கலைஞர்களாக அறிவித்தது. அவர்களுக்கு முன்பே 2010-ல் பெய்ஜிங்கில் நேச்சர் கங்கன்பைகல் தொடங்கிய டெங்கர் கேவல்ரி இந்த வழியைத் திறந்து வைத்திருந்தது. அவர் 2019-ல் இளம் வயதிலேயே இறந்துபோனார். அவருடைய பாட்டுகளையும் தேடிக் கேட்க வேண்டும்.

தி ஹு குழுவில் நடுவில் நிற்பது மொரின் ஹூர். இரண்டே தந்தி, தலையில் குதிரை முகம் செதுக்கிய வில் வாத்தியம். அதோடு தொவ்ஷூர் என்ற மீட்டும் கருவி. பாடுவது தொண்டைக்குள்ளிருந்து, ஒரே நேரத்தில் அடிச்சுரமும் அதன் மேல் விசில் போல இன்னொரு சுரமும் வரும் பாட்டு முறை. மின்கிட்டார், பேஸ், டிரம்ஸ் எல்லாம் உண்டு. ஆனால் அவை பக்கவாட்டில் நிற்கும் பின்வாத்தியம். மற்ற நாட்டுக்காரர்கள் மெட்டலுக்குள் நாட்டுக் கருவியைக் கொண்டுவந்தார்கள். இவர்கள் நாட்டு இசையை அப்படியே நடுவில் வைத்து, அதைச் சுற்றி மெட்டலைக் கட்டினார்கள். கிட்டாரை எடுத்துவிட்டுக் கேட்டாலும் பாட்டு முழுசாக இருக்கும். வேகமும் குறைவு. குதிரை நடை போல ஒரு சீரான ஓட்டம், அடிக்கும் அடிக்கும் நடுவில் மூச்சு விட இடம். அந்த இடத்தில்தான் அண்ணன் புகுந்தார். இரண்டாம் முறை போடச் சொன்னார், மூன்றாம் முறை உள்ளே போய்ப் பம்பையை எடுத்து வந்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பாட்டு ஆறு எண்ணிக்கையில் இல்லை, அவர் அடித்தது ஆறு. ஆனாலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

குரல் விஷயமும் அன்றைக்கே முடிவானது. எங்கள் கிட்டார் நண்பர் இரண்டு வருடமாக உறுமிப் பாடப் பழகிக்கொண்டிருந்தார். அண்ணன் அம்மனை வர்ணித்துப் பாடும்போது நெஞ்சிலிருந்து கிழித்துக்கொண்டு வரும் குரலைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட பிறகு, பாட்டு அண்ணனுக்கு என்று அவரே ஒதுங்கினார். மங்கோலியர்கள் வெளியிலிருந்து ஒரு குரலைக் கடன் வாங்கவில்லை. நாங்கள் மட்டும் ஏன் வாங்க வேண்டும்?

அண்ணன் ஒரு நிபந்தனை வைத்தார். அம்மனை அழைக்கும் அடிகள் சில உண்டு, அவற்றைக் கோயிலுக்கு வெளியே அடிக்க மாட்டேன், கேட்பவர்களுக்கு அருள் வந்துவிடும் என்றார். ஊர்வல அடி, கரக அடி எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இதில் பேரம் பேச எங்களுக்கு உரிமை இல்லை, பேசவும் இல்லை. நாட்டுக் கருவியைக் கம்ப்யூட்டரில் ஒலித்துண்டாக எடுத்து ஒட்டுகிறவர்களுக்கு இப்படிச் சொல்ல ஆள் இருக்காது. அதனால்தான் பம்பையை விடப் பம்பைக்காரர் முக்கியம் என்று நினைக்கிறேன். வருமானம் வந்தால் நான்கு பங்கு, பாட்டின் பெயருக்குக் கீழே முதல் பெயர் அவருடையது. இதையும் அன்றே எழுதி வைத்துக்கொண்டோம்.

ஃபாரோ தீவுகளின் ட்யூர் குழுவை நான் மட்டும் தனியாக விரும்புகிறேன். சுமார் ஐம்பத்தைந்தாயிரம் பேர் வாழும் தீவுக்கூட்டம். கருவியே இல்லாமல், கைகோத்து வட்டமாக நின்று, காலால் தரையை மிதித்துக்கொண்டே நீண்ட கதைப்பாட்டுகளைப் பாடி ஆடுவது அந்த ஊர் வழக்கம். இடப்பக்கம் இரண்டு அடி, வலப்பக்கம் ஒரு அடி. கும்மி தெரிந்தவர்களுக்கு உடனே பிடிபடும். எண்பதுக்கும் மேல் பத்திகள் உள்ள ஒரு பழைய கப்பல் பாட்டை ட்யூர் 2002-ல் மெட்டலாக்கினார்கள். பாடகர் ஒரு வரி, எல்லாரும் சேர்ந்து ஒரு வரி. கூத்தில் பின்பாட்டு வருவது போலவே. எங்கள் மூன்றாவது பாட்டுக்கு இதை வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் யாரும் தலையாட்டவில்லை.

ஒரு எச்சரிக்கை. பழங்கால வீரம், முன்னோர் மண் என்று பாடும் ஐரோப்பியக் குழுக்களில் சில, இனவெறிக்குள் போய் விழுந்தவை. எனக்குத் தெரிந்தவரை மேலே சொன்ன குழுக்கள் அந்த வரிசையில் இல்லை. நீங்களாகத் தேடும்போது வரிகளின் பொருளைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். நம் ஊரிலும் நடுகல் வீரனைச் சாதிக்குள் அடைக்க ஆள் இருக்கிறார்கள், அதனால் எங்கள் வரியில் அவனுக்குக் குலப்பெயர் வைக்கவில்லை.

சரி, எங்கள் முடிவு. கட்டுமானம் மங்கோலியா. பம்பையும் அண்ணன் குரலும் நடுவில், கிட்டார் இரண்டும் பக்கத்தில். கிட்டாரும் தாளமும் இடம் பிரித்துக்கொள்வதற்கு ரூட்ஸ். கதைக்கு அயர்லாந்து காட்டிய வழி, ஏரிக்கரைக் கல். நாயனமோ குழலோ வைத்திருப்பவர்கள் எங்களைப் பின்பற்ற வேண்டாம், கோர்ப்பிக்லானியிலும் எலுவெய்ட்டியிலும் தொடங்கி ஆர்ஃபண்ட் லேண்டுக்கு வாருங்கள். குழு கிழு எல்லாம் வேண்டாம், கேட்டால் போதும் என்பவர்கள் தி ஹுவை முதலில் போட்டு, அப்புறம் ப்ளடிவுட், அதற்குப் பிறகு அமோர்ஃபிஸ் என்று போகலாம். இதையெல்லாம் நேரில் பெரிய மேடையில் கேட்க ஆசைப்பட்டால், ஓசூரைத் தாண்டினால் பெங்களூர். 2012-லிருந்து பெங்களூர் ஓப்பன் ஏர் என்ற மெட்டல் விழா அங்கே நடந்து வருகிறது.

முதல் பாட்டு முக்கால்வாசி முடிந்திருக்கிறது. கிட்டார்கள் இரண்டு கட்டைக்கு இறங்கிவிட்டன. ஆடி முழுக்க அண்ணனுக்கு ஓயாத வேலை, அதனால் ஒத்திகை இனி ஆவணியில்தான்.